காலையில் கான்வாஸ், மாலையில் கேலரி

படத்தைப் பார்த்து முடித்ததும் கேலரிக்காரர்கள் தவறாமல் ஒன்று கேட்பார்கள்: “இந்த வரிசையில இன்னும் எத்தனை இருக்கு? இப்ப என்ன பண்ணிட்டிருக்கீங்க?” தொழிலுக்கு வந்த புதிதில் இந்த இடத்தில்தான் நான் தடுமாறுவேன். கையில் நல்ல படங்கள் மூன்று இருக்கும், நான்காவது இருக்காது. போன வாரம் தூரிகையைத் தொட்டேனா என்பதே நினைவில் இருக்காது.

அந்தக் கேள்வியின் பொருள் எனக்குப் பிடிபடச் சில ஆண்டுகள் ஆயின. ஒரு ஓவியரைத் தன் சுவரில் ஏற்றுகிற கேலரி, வாடிக்கையாளரிடம் அவருக்காக வாக்குக் கொடுக்கிறது. இன்று இந்தப் படத்தை வாங்கியவர் இரண்டு வருடம் கழித்து வந்து கேட்டால் காட்டுவதற்குப் புதிய படம் இருக்க வேண்டும். ஆகவே கேலரி தேடுவது, தொடர்ந்து வேலை செய்கிற கையை. அந்தத் தொடர்ச்சியை எப்படி உண்டாக்குவது, எப்படிக் கண்ணுக்குத் தெரியும்படி வைத்துக்கொள்வது என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் நான் வாழும் சென்னையிலிருந்து.

ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள்

முதல் முதலீடு விலை உயர்ந்த வண்ணங்கள் அல்ல. கோடு போட்ட சாதாரண நோட்டு. தினமும் வேலை முடிந்ததும் நான்கு விஷயங்களை எழுதுங்கள்: தேதி, தொடங்கிய நேரமும் முடித்த நேரமும், எந்தப் படத்தில் என்ன செய்தீர்கள், நாளை முதலில் எதைத் தொடப்போகிறீர்கள். ஐந்து நிமிட வேலை. கூடவே ஒரு செல்போன் படம். ஒரே இடத்தில் நின்று, ஒரே நேரத்தில், ஃபிளாஷ் இல்லாமல் எடுக்க வேண்டும்.

என் நோட்டிலிருந்து ஒரு துண்டு. காசிமேடு துறைமுகத்தின் விடியற்கால ஏலத்தை 36 × 48 அங்குலக் கான்வாஸில் எண்ணெய் வண்ணத்தில் வரைந்தபோது எழுதியது:

நாள் 1. காலை 7 முதல் 9.30. பர்ன்ட் சியன்னாவை டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்து முழுப் பரப்பும் பூசினேன். கரித்துண்டால் படகுகளின் சாய்வு மட்டும்.

நாள் 4. காலை 7 முதல் 11. படகின் நீலம் ட்யூபிலிருந்து வந்தபடியே கத்துகிறது. துளி ஆரஞ்சு கலந்ததும் அடங்கியது. நாளை: ஐஸ் பெட்டிகளின் நிழல்.

நாள் 9. மாலை 5 முதல் 7.30. வானத்தை மாற்றினேன். நன்றாக வந்திருக்கிறது.

நாள் 10. காலை 7. நேற்றைய வானம் பச்சை அடிக்கிறது. பேலட் நைஃபால் முழுக்கச் சுரண்டி எடுத்தேன்.

இதே மாதிரி ஆறு மாதம் எழுதிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்தேன். ‘சுரண்டினேன்’ என்ற சொல் வந்த இடங்களைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டேன். அவற்றில் ஏறக்குறைய எல்லாமே முந்தைய நாள் மாலை ஐந்து மணிக்குப் பிறகு டியூப்லைட் வெளிச்சத்தில் வரைந்த பகுதிகள். என் கண் நிறத்தைத் தவறாகப் படிக்கவில்லை. விளக்குத்தான் தவறாகக் காட்டியது. அத்தனை மாதமும் எனக்குத் திறமை குறைகிறது என்று மனம் உடைந்திருந்தேன். காரணம் நோட்டில் நேரமாக எழுதியிருந்தது.

அன்றிலிருந்து நிறம் சேர்க்கும் வேலை காலையில் மட்டும். வடக்கு ஜன்னல் இருந்தால் இன்னும் நல்லது. நேர் வெயில் குறைவாகத்தான் விழும், வெளிச்சம் நெடுநேரம் ஒரே மாதிரி நிற்கும். மாலை நேரம் கான்வாஸ் இழுத்து அடிக்க, ஜெஸ்ஸோ பூச, ஃப்ரேம் கடைக்குப் போக, கணக்கு எழுத, கேலரி பார்க்க. இந்தக் கட்டுரையின் தலைப்பு அப்படித்தான் வந்தது.

நாளைக்குக் கொஞ்சம் மிச்சம் வையுங்கள்

நான்காவது குறிப்பு, அதாவது ‘நாளை முதலில்’ என்ற வரி, மிக முக்கியம். முழுவதும் தீர்ந்துபோகும் வரை வரையாதீர்கள். எப்படிச் செய்ய வேண்டும் என்று தெளிவாகத் தெரிந்த ஒரு சின்ன வேலையைத் தொடாமல் விட்டுவிட்டு எழுந்துவிடுங்கள். மறுநாள் காலை கான்வாஸ் முன் நின்று யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம். கை நேரே அந்த இடத்துக்குப் போகும். அரை மணி நேரத்தில் மனமும் பின்னால் வந்து சேர்ந்துவிடும்.

வேலைக்குப் போய்க்கொண்டே வரைகிறவர்களுக்கு இது இன்னும் உதவும். ஒரு மணி நேரம்தான் கிடைக்கும் என்றால் அதில் இருபது நிமிடம் தயக்கத்திலேயே போய்விடக் கூடாது.

ஊரின் வானிலையோடு வேலை செய்யுங்கள்

ஐரோப்பியப் பாடப் புத்தகங்கள் சொல்லும் காயும் நேரம் நம் ஊருக்குப் பொருந்தாது. சித்திரை வெயிலில் அக்ரிலிக் பேலட்டிலேயே தோலாகிவிடும். ஈரத் துணியின் மேல் பட்டர் பேப்பர் விரித்து அதன்மேல் வண்ணம் பிழிந்துகொள்ளுங்கள். காலை முழுவதும் தாங்கும்.

எண்ணெய் வண்ணம் நீர் ஆவியாவதுபோல் காய்வதில்லை. லின்சீட் எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுகிறது. அதனால் அம்பர் போன்ற மண் நிறங்கள் சீக்கிரமும், கேட்மியம் நிறங்களும் ஐவரி பிளாக்கும் தாமதமாகவும் காயும். கீழ் அடுக்கில் எண்ணெய் குறைவாகவும் மேல் அடுக்கில் கூடுதலாகவும் இருக்க வேண்டும். மாற்றிச் செய்தால், மேலே காய்ந்த பிறகும் கீழே அசைந்துகொண்டிருக்கும். சில வருடங்களில் வெடிப்பு விழும். கண்காட்சித் தேதி குறித்ததும் பின்னோக்கி எண்ணுங்கள். கெட்டியாகப் பூசிய படத்துக்கு இறுதி வார்னிஷ் அடிக்க ஆறு மாதமாவது பொறுக்க வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் எதிரி பூஞ்சை. கான்வாஸைச் சுவரோடு ஒட்டிச் சாய்க்காதீர்கள். காற்றுப் போக இடைவெளி வேண்டும். பிளாஸ்டிக்கில் இறுகச் சுற்றி மாதக்கணக்கில் வைக்காதீர்கள். உருட்டித்தான் அனுப்ப வேண்டும் என்றால் வண்ணம் வெளிப்பக்கம் இருக்கும்படி, அகலமான குழாயில் உருட்டுங்கள்.

ஒரு பாதுகாப்புக் குறிப்பு. லின்சீட் எண்ணெய் துடைத்த துணிகளைக் கசக்கிக் குவித்து வைத்தால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீர் ஊற்றிய மூடியுள்ள டின்னில் போடுங்கள். டர்பன்டைன் புழங்கும் அறையில் ஜன்னல் திறந்திருக்கட்டும். வண்ணக் கையோடு சாப்பிட உட்காராதீர்கள்.

வயிற்றுப்பாட்டுக்குத் தனி வழி வையுங்கள்

படம் விற்றுத்தான் இந்த மாத வாடகை என்ற நிலை வந்தால் கை நடுங்கும். நம் முன்னோடிகள் இதைத் தெளிவாகக் கண்டவர்கள். 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய கலைப்பள்ளிதான் இன்றைய சென்னை அரசு கவின்கலைக் கல்லூரி. அதன் முதல்வராக இருந்த கே. சி. எஸ். பணிக்கர், படித்து முடித்த மாணவர்கள் பிழைப்புக்காக ஓவியத்தை விட்டுவிடுவதைப் பார்த்தார். அவரும் மாணவர்களும் நண்பர்களும் சேர்ந்து கைவினைச் சங்கம் அமைத்தார்கள். பாத்திக் துணிகள் செய்து விற்றார்கள். அந்தப் பணம் சேர்ந்துதான் 1966இல் ஈஞ்சம்பாக்கத்துக் கடற்கரையோரம் நிலமாகி, சோழமண்டல ஓவியர் கிராமமாக எழுந்தது. துணியில் மெழுகு தீட்டிய கைகளே கான்வாஸிலும் வரைந்தன.

தமிழ்ச் சிற்றிதழ் வாசகர்களுக்கு மிகப் பழக்கமான கோடுகள் கே. எம். ஆதிமூலத்தினுடையவை. அவர் நெசவாளர் சேவை மையத்தில் வேலை பார்த்தவர். வேலைக்கு நடுவே காந்தியைக் கோட்டோவியங்களாக வரைந்தார், பத்திரிகைகளுக்கு வரைந்தார், பிறகு பெரிய அருவ ஓவியங்களுக்கு வந்தார். வேலையும் கலையும் ஒன்றையொன்று கெடுக்கும் என்று யாராவது சொன்னால் அவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்று உங்களுக்கு இருக்கும் வழிகள்: பள்ளி வேலை, வார இறுதி வகுப்பு, புத்தக அட்டை, பத்திரிகை ஓவியம், சுவரோவியம். 2020இல் கண்ணகி நகர் அடுக்குமாடிச் சுவர்களில் வண்ணம் ஏறிய பிறகு, சுவரோவியத்துக்கு ஆள் தேடுபவர்கள் கூடியிருக்கிறார்கள். எந்த வேலையை எடுத்தாலும் ஒரு விதி வையுங்கள்: காலை இரண்டு மணி நேரம் உங்கள் கான்வாஸுக்கு. அதை யாருக்கும் விற்காதீர்கள்.

விற்க ஒன்றுமில்லாதபோது கேலரிக்குப் போங்கள்

முதல் முறை போகும்போதே கையில் ஆல்பத்தோடு போகாதீர்கள். மாதம் இரண்டு மாலை ஒதுக்கி வெறுமனே பார்க்கப் போங்கள். சென்னையில் கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாடமி, சோழமண்டலத்தின் கேலரிகள், முட்டுக்காடு தட்சிணசித்ராவின் வரிஜா கேலரி, நுங்கம்பாக்கத்தைச் சுற்றியுள்ள தனியார் கேலரிகள் என்று ஒரு சுற்று வையுங்கள். நோட்டில் மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள்: இங்கே எந்த மாதிரிப் படங்கள் ஏறுகின்றன? என்ன அளவு, என்ன விலை? என் படம் இந்தச் சுவரில் இயல்பாக உட்காருமா?

ஐந்து கேலரிகளைப் பார்த்தால் உங்களுக்குப் பொருந்துவது ஒன்றோ இரண்டோதான் இருக்கும். அங்கே மட்டும் அணுகுங்கள். முன்கூட்டி நேரம் கேட்டு, ஒரே வரிசையைச் சேர்ந்த பத்துப் பன்னிரண்டு படங்களின் புகைப்படம், அளவு, ஊடகம், ஆண்டு, அரைப்பக்கக் குறிப்பு இவற்றை அனுப்புங்கள். ஐந்து விதமான பாணிகளைக் கலந்து அனுப்புவது திறமையைக் காட்டாது. இன்னும் முடிவெடுக்காத ஆள் என்றுதான் காட்டும்.

எனக்கு முதல் குழுக் கண்காட்சி கிடைத்த விதத்தைச் சொல்கிறேன். கேலரி நடத்தும் அம்மையார் நான் கொண்டுபோன படங்களைப் பார்த்துவிட்டு அதே கேள்வியைக் கேட்டார். “இப்ப என்ன பண்ணிட்டிருக்கீங்க?” செல்போனில் காசிமேட்டுப் படத்தின் பத்தொன்பது நாள் புகைப்படங்களை வரிசையாகத் தள்ளிக் காட்டினேன். பத்தாம் நாள் வந்ததும் கையை நிறுத்தச் சொன்னார். “வானத்தை ஏன் எடுத்தீங்க?” சொன்னேன். நோட்டை வாங்கிப் பார்த்தார். “ஆகஸ்ட்ல ஒரு குரூப் ஷோ இருக்கு. இது முடிஞ்சிடுமா?” என்றார். நாளை என்ன, அடுத்த வாரம் என்ன என்று நோட்டில் இருந்ததால் என்னால் தயங்காமல் முடியும் என்று சொல்ல முடிந்தது.

தனியார் கேலரி உடனே அமையாவிட்டால் காத்திருக்க வேண்டாம். லலித் கலா அகாடமி அரங்கை நாள் வாடகைக்கு எடுத்து நான்கைந்து நண்பர்கள் சேர்ந்து கண்காட்சி வைக்கலாம். கண்காட்சிக்கான நிதியுதவி பற்றித் தமிழ்நாடு கலை பண்பாட்டுத் துறையில் விசாரியுங்கள். 18 முதல் 25 வயதுக்குள் இருப்பவர்கள் மத்தியப் பண்பாட்டு அமைச்சகத்தின் இளம் கலைஞர் உதவித்தொகை அறிவிப்பைக் கவனியுங்கள்.

விலையை மனநிலை நிர்ணயிக்கக் கூடாது

பிடித்த படத்துக்கு ஒரு விலை, பிடிக்காத படத்துக்கு ஒரு விலை என்று வைத்தால் வாங்குபவர் குழம்புவார். ஒரே ஊடகத்துக்கு ஒரே கணக்கு. பலரும் கையாளும் எளிய முறை சதுர அங்குலக் கணக்கு. உதாரணமாக 24 × 36 அங்குலப் படம் 864 சதுர அங்குலம். சதுர அங்குலத்துக்கு 25 ரூபாய் என்று வைத்தால் 21,600 ரூபாய். கேலரி 40 சதவீதம் எடுத்துக்கொள்கிறது என்றால் அதன் பங்கு 8,640, உங்களுக்கு 12,960. கான்வாஸ், வண்ணம், ஃப்ரேமுக்கு 4,000 ஆகியிருந்தால் கையில் நிற்பது 8,960.

இப்போது நோட்டைத் திறந்து நேரத்தைக் கூட்டுங்கள். அந்தப் படத்துக்கு 48 மணி நேரம் ஆகியிருந்தால் மணிக்குச் சுமார் 187 ரூபாய். இந்த எண்ணைப் பார்த்த பிறகு விலையை ஏற்றுவதா, இப்போதைக்குப் பொறுப்பதா என்று அறிவோடு முடிவெடுக்கலாம். தொடக்கத்தில் குறைவாக வைத்து, விற்பனை தொடர்ந்தால் வருடத்துக்கு ஒருமுறை சிறிதாக ஏற்றுங்கள். ஏற்றிய விலையை இறக்குவது கடினம். ஏற்கெனவே வாங்கியவர் ஏமாந்ததாக நினைப்பார்.

கேலரியில் 21,600 என்றால் வீட்டிலும் 21,600தான். கேலரியில் பார்த்துவிட்டு நேரே உங்களிடம் வந்து குறைத்துக் கேட்பவருக்கு இணங்கினால் அந்தக் கேலரியின் கதவு சாத்திக்கொள்ளும். அந்தக் கமிஷனில் வாடகை, விளக்கு, அழைப்பிதழ், பல வருடங்களாக அவர்கள் சேர்த்த வாடிக்கையாளர் பட்டியல் எல்லாம் அடக்கம்.

எழுதி வாங்காமல் படத்தைக் கொடுக்காதீர்கள்

இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. ஒரு மழைக்காலத்தில் நான்கு படங்களை ஓர் இடத்தில் நம்பிக் கொடுத்தேன். ரசீது கேட்கக் கூச்சம். எட்டு மாதம் கழித்துத் திரும்பியபோது ஒன்றின் பின்புறம் முழுக்கக் கரும்பூஞ்சை. முன்புறம் வெள்ளைத் திட்டுகள். கேட்டேன். “நீங்க கொடுக்கும்போதே இப்படி இல்லைன்னு எப்படித் தெரியும்?” என்றார்கள். என்னிடம் பதில் இல்லை. அந்தப் படத்தை இன்றுவரை சரிசெய்ய முடியவில்லை.

இப்போது எந்தப் படம் வாசலைத் தாண்டினாலும் இரண்டு பிரதியாக ஒரு பட்டியல் போகும். அதில் இவை இருக்கும்: படத்தின் பெயர், அளவு, விலை, கொடுத்த நாள், திருப்பித் தர வேண்டிய நாள், கமிஷன் சதவீதம், தள்ளுபடி கொடுத்தால் யார் பங்கிலிருந்து, விற்றால் எத்தனை நாளில் பணம், சேதம் ஆனால் யார் பொறுப்பு, போக்குவரத்துச் செலவு யாருடையது. கூடவே படத்தின் முன், பின், நான்கு மூலைகளின் புகைப்படம். நல்ல கேலரி இதைக் கண்டு முகம் சுளிக்காது. அவர்களே படிவம் வைத்திருப்பார்கள்.

சட்டத்தில் தெரிந்திருக்க வேண்டியவை நான்கு. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957இன்படி படத்தை விற்றதால் மட்டும் பதிப்புரிமை போய்விடாது. எழுத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்தால்தான் போகும். வாங்கியவர் சுவரில் மாட்டலாம். காலண்டர் அச்சிட உங்கள் அனுமதி வேண்டும். ஆனால் ஒருவர் பணம் கொடுத்துத் தனக்காக வரையச் சொன்ன படத்தில், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் முதல் உரிமையாளர் அவர்தான். ஆகவே ஆர்டர் வேலைக்கு முன்பே எழுதிக்கொள்ளுங்கள். மூன்றாவது, பதிப்புரிமையின் முதல் உரிமையாளர் நீங்களே என்றால், உங்கள் மூலப் படம் 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனை ஆகும்போது அதில் பங்கு கோர சட்டத்தில் இடம் உண்டு.

நான்காவது, உங்கள் படைப்பைச் சிதைக்க யாருக்கும் உரிமையில்லை. டெல்லி விஞ்ஞான் பவனில் இருந்த தன் வெண்கலச் சுவர்ச்சிற்பம் பெயர்த்து எடுக்கப்பட்டுச் சேதமானதை எதிர்த்து வழக்காடிய சிற்பி அமர்நாத் சேகலுக்கு 2005இல் டெல்லி உயர் நீதிமன்றம் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அரசாங்கமே வாங்கி வைத்திருந்த படைப்பு அது.

மாட்டும் நாளும் திறப்பு மாலையும்

மாட்டும் நாளில் கூட இருங்கள். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 57 முதல் 60 அங்குல உயரத்தில் இருந்தால் பெரும்பாலோர் கண்ணுக்குச் சரியாக இருக்கும். சுவர் நெடுக நூல் கட்டி எல்லாப் படங்களின் நடுவையும் அந்த நூலுக்கு ஒட்டி வையுங்கள். பைக்குள் இருக்க வேண்டியவை: டேப், பென்சில், ஆணி, கம்பி, வெள்ளைத் துணி, அந்தந்தப் படத்துக்குப் பயன்படுத்திய வண்ணத்தின் சின்ன டப்பா. மூலையில் கீறல் விழுந்தால் அங்கேயே தொட்டுவிடலாம்.

திறப்பு மாலையில் நண்பர்களோடு ஒரு மூலையில் நின்றுவிடாதீர்கள். ஒரு படத்தின் முன் யாராவது இரண்டு நிமிடத்துக்கு மேல் நின்றால் மெதுவாகப் போய் வணக்கம் சொல்லுங்கள். விளக்கம் தொடங்காதீர்கள், அவர் என்ன பார்க்கிறார் என்று கேளுங்கள். என் காசிமேட்டுப் படத்தின் முன் ஒரு பெரியவர் வெகுநேரம் நின்றார். “இந்தக் கூடையைத் தலையில வெச்சா தண்ணி முதுகுல ஒழுகும். நீங்க முந்தானையை நனைச்சுக் காட்டியிருக்கீங்களே தம்பி,” என்றார். அவர் தாயார் மீன் விற்றவராம். அவர் படம் வாங்கவில்லை. ஆனால் மறுநாள் நோட்டில் முதல் வரியாக அதைத்தான் எழுதினேன். அடுத்த வரிசையில் கூடை சுமக்கும் பெண்கள் வந்தார்கள்.

வந்தவர்களின் பெயர், தொலைபேசி எண்ணைக் குறிப்பேட்டில் எழுதச் சொல்லுங்கள். படத்தின் அருகே சிவப்புப் பொட்டு ஏறினால், வாங்கியவருக்குக் கையெழுத்தும் தேதியும் இட்ட சான்றிதழும் அந்தப் படத்தின் நாட்குறிப்பிலிருந்து ஒரு பக்க நகலும் கொடுங்கள். தான் வாங்கிய படம் எத்தனை காலைகளில் உருவானது என்று தெரிந்தவர் அதைப் பத்திரமாக வைத்திருப்பார்.

படங்கள் திரும்பி வரும் நாள்

கண்காட்சி முடிந்து, விற்காத படங்களோடு ஆட்டோவில் திரும்பும் மாலை கடினமானது. பல நல்ல ஓவியர்கள் அந்த இடத்தில்தான் மாதக்கணக்கில் நின்றுபோகிறார்கள். அதற்கான ஏற்பாட்டை முன்கூட்டியே செய்துவிடுங்கள். கண்காட்சி தொடங்கும் முன்பே ஒரு புதிய கான்வாஸில் அடிவண்ணம் பூசி, கரிக்கோடு போட்டு, ஈசலில் நிறுத்தி வையுங்கள். நோட்டில் ‘நாளை முதலில்’ என்ற வரியையும் எழுதி வையுங்கள்.

என் ஈசலில் இப்போது நிற்பது 24 × 36. நேற்று எழுதிய கடைசி வரி இது: நாளை முதலில், கூடையின் கீழே முதுகில் ஒழுகும் நீர். காலை ஏழு மணிக்கு ஜன்னலைத் திறந்ததும் அங்கேதான் தொடங்கப்போகிறேன். உங்கள் நோட்டில் இன்றிரவு அப்படி ஒரு வரி இருக்கட்டும்.